மீனுக்கு அம்மை போட்ட வாரம்

மட்டிகளைக் குளத்தில் விட்டது தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழரை மணிக்கு. மொத்தம் அறுபத்தொன்று. ஓரிக்கையைத் தாண்டி ஒரு சிற்றேரியில் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். பொக்லைன் அள்ளிக் கரையில் கொட்டிய சேற்றுக்குள் அவை கிடந்தன. உள்ளங்கை நீளம், கறுப்பும் பச்சையுமாக, ஓடுகளை இறுக மூடிக்கொண்டு. கொக்குகள் வந்துவிட்டன. நானும் மனைவியும் இரண்டு பக்கெட்டில் பொறுக்கினோம்.

“ஞாயித்துக்கெழம கறி எடுத்தாங்கன்னு சொன்னா, மட்டி எடுக்க இட்டாந்துட்டீங்களே. இத ஆக்கவும் மாட்டீங்க, நாலு பேருக்குக் குடுக்கவும் மாட்டீங்க” என்றாள். சொல்லிக்கொண்டே என்னைவிட அதிகம் பொறுக்கியவள் அவள்தான்.

நான் ஒரு கல்லூரியில் விலங்கியல் ஆய்வக உதவியாளன். கண்ணாடிப் புட்டிக்குள் ஊறும் மட்டியை மாணவர்களுக்கு எடுத்து வைப்பது என் வேலை. உயிருள்ள மட்டியைப் பற்றி நானாகத் தேடிப் படித்தேன். ஒரே இடத்தில் கிடந்து தண்ணீரை உறிஞ்சி, அழுக்கைத் தின்று, தெளிந்த தண்ணீரை வெளியே விடும் பிராணி அது. நகராத பிராணிக்குப் பிள்ளைகளை வேறிடம் அனுப்ப வழி வேண்டுமல்லவா? அதற்கு மீன் வேண்டும். தாய் மட்டி தன் செவுளுக்குள் வைத்து வளர்த்த குஞ்சுகளைத் தண்ணீரில் விடும். கண்ணுக்கு எட்டாத அந்தக் குஞ்சுகள் மீனின் செவுளையோ துடுப்பையோ கவ்விக்கொள்ளும். மேலே தோல் மூடி வெள்ளைப் பொட்டாகத் தெரியும். சில வாரம் அங்கே இருந்து, பிறகு சேற்றில் உதிர்ந்து தனியாக வாழத் தொடங்கும். மீன் கிடைக்காத குஞ்சு செத்துப்போகும்.

அதனால்தான் மாகறல் போகும் வழியில் இருக்கும் அந்தச் சிறிய அம்மன் கோயில் குளத்தைத் தேர்ந்தெடுத்தேன். அதில் கெண்டை மீன்கள் ஏராளம். ஊரார் பொரி போட்டு வளர்த்தவை; யாரும் பிடிப்பதில்லை. கோயிலைப் பெருக்கி விளக்கேற்றும் அம்மாவிடம், மட்டிகளை யாரும் எடுக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். குஞ்சு, செவுள் எதையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இதை எழுத வேண்டியிருக்காது.

டைரியில், ‘குஞ்சு விடும் காலம்: ஆடிக்கு மேல். அப்போது மீன்களைப் பார்க்க வேண்டும்’ என்று எழுதி அடிக்கோடிட்டேன். எங்கோ படித்த கணக்கு அது. அந்தக் குளத்து மட்டிகளைக் கேட்டு எழுதியதல்ல.

மாசி மாதம், ஒரு வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணி. செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அந்த அம்மா போன் செய்தார்.

“சார், மீனுக்கெல்லாம் அம்மை போட்டுக்கினு இருக்குது சார்.”

“இன்னாது?”

“வால்ல, துடுப்புல, பொட்டு பொட்டா வெள்ளையா. ஊரே பயந்துபோய் கெடக்குது. ஆத்தா கோவமா இருக்கறான்றாங்க. மஞ்சத் தண்ணி ஊத்தலாம்னு இருக்கறோம். நீங்க படிச்சவரு, இன்னா பண்ணலாம் சொல்லுங்க.”

கண்ணாடித் தொட்டி மீனுக்கு இப்படி வெள்ளைப் புள்ளி நோய் வரும். கல்லுப்பு போட்டால் போகும். ஆய்வகத்தில் பலமுறை செய்திருக்கிறேன். எதிரே ஒரு மாணவி கரப்பான்பூச்சியைத் தலைகீழாக ஊசி குத்தி வைத்திருந்தாள். அதைச் சரிசெய்துகொண்டே, “கல்லுப்பு போடுங்கம்மா, சரியாயிடும்” என்றேன். பேச்சு ஒரு நிமிடம்கூட இல்லை.

வெள்ளி மாலை டைரி எழுத உட்கார்ந்தேன். ‘நேற்று கோயில் அம்மா போன். மீன்களுக்கு வெள்ளைப் பொட்டு’ என்று எழுதினேன். பொட்டு என்ற சொல்லிலேயே பேனா நின்றது. உடனே போன் செய்தேன்.

“காத்தாலயே போட்டாச்சு சார்” என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். “வூட்டுக்கு ஒரு படி கல்லுப்பு, ஒரு பிடி மஞ்சத்தூளு. வேண்டுதலாட்டம் ஒருத்தர் வுடாம கொண்டாந்தாங்க. எங்க தெருவுல மட்டும் ரெண்டு மூட்ட!”

கோடை நெருங்கி, குளத்தில் முழங்கால் அளவுதான் தண்ணீர். மட்டிக் குஞ்சுக்கு உப்பு ஆகாது.

சனி காலை போனேன். ஊராரிடம் தண்ணீரை மாற்ற வேண்டும் என்று மட்டும் சொன்னேன். மோட்டார் போட்டு இறைத்து, ஆழ்குழாய்த் தண்ணீர் விட இரண்டு நாள் ஆயிற்று. பெரிய மட்டிகள் ஓட்டை மூடிக்கொண்டு தாக்குப்பிடிக்கும். ஆனாலும் பத்தொன்பது வாயைப் பிளந்து கிடந்தன. பத்து நாளில் மீன்களின் மேல் ஒரு பொட்டு இல்லை. ஊரில் பொங்கல் வைத்தார்கள். எனக்கு மாலை போட்டு, முதல் இலையில் உட்காரவைத்தார்கள். சாப்பிட்டேன்.

“ஊரே கும்புடுது, எழவு வுழுந்த வூடாட்டம் மூஞ்சிய வெச்சிக்கினு இருக்கறீங்க” என்றாள் மனைவி. விஷயத்தைச் சொன்னேன். மாலையை வாங்கி ஆணியில் மாட்டினாள். பிறகு, “அந்தம்மா கிட்ட சொல்லாதீங்க” என்றாள்.

நான் கேட்கவில்லை. தவறு என்னுடையது, அதை உரியவரிடம் ஒப்புக்கொள்வதே ஒழுங்கு என்று நினைத்தேன். அடுத்த ஞாயிறு, படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் அந்த அம்மாவிடம் சொன்னேன்.

“அப்ப அது அம்மை இல்ல.”

“இல்லம்மா.”

“மட்டியோட புள்ளைங்க.”

“ஆமா.”

“மொத படிய நான்தானே சார் கொட்டுனேன்.”

“நான் சொன்னதாலதானம்மா கொட்டுனீங்க. தப்பு என்னோடது.”

“சொன்னது நீங்க. கொட்டுனது இந்தக் கைதானே” என்று கையை முந்தானையில் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அதற்குப் பிறகு என் பாரம் ஒரு துளியும் குறையவில்லை. அவருக்கு ஒரு பாரம் புதிதாக வந்ததுதான் மிச்சம்.

அடுத்த ஆண்டு மாசி முழுக்க மீன்களைப் பார்த்தேன். பொட்டு வரவில்லை. மிச்சமிருந்த நாற்பத்திரண்டில் ஆண் மட்டிகள் குறைந்துவிட்டனவா, உப்பு தின்ற தாய்கள் கருவைத் தாங்கவில்லையா, எனக்குத் தெரியாது. தெரியாது என்றே டைரியிலும் எழுதியிருக்கிறேன். பெரிய மட்டிகள் இன்னும் பல வருடம் கிடக்கலாம். தண்ணீர் தெளிவாகவே இருக்கும். பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

அந்த அம்மா மட்டும் விளக்கேற்றியதும் கீழ்ப்படிக்கு இறங்கி, சேற்றைக் கையால் துழாவுகிறார். போன வாரம் நான் போனபோது ஓடிவந்து உள்ளங்கையை விரித்தார். சுண்டுவிரல் நகம் அளவில் ஏதோ ஒன்று.

“சார், இது குட்டிதானே?”

வாங்கிப் பார்த்தேன். குளத்து நத்தை.

“இல்லம்மா.”

“சரி சார்” என்று அதை வாங்கிக்கொண்டு, படியிறங்கி, எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டு, பக்கத்துச் சேற்றில் மறுபடி கையை விட்டார்.