நக்கல் கணக்கு

நட்ட பயிர் மஞ்சளடித்தது. விவசாயிகளின் ஃபேஸ்புக் குழுவில் படம் போட்டு, என்ன மருந்து அடிக்கலாம் என்று கேட்டேன். முகமில்லாத ஒரு கணக்கு வழக்கம்போல் நக்கலடித்தது.

“ஏசி ரூம் விவசாயிக்கு வயல் எதுக்குங்க?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அங்கேயே திட்டித் தீர்த்துவிட்டு, வேறு படம் எடுக்க வயலுக்குப் போனேன். நல்ல வெயில். சேற்றில் கால் வைத்ததும் போன் அதிர்ந்தது. அதே கணக்கு.

“செருப்பைக் கழட்டிட்டு இறங்குங்க.”

எங்கள் பக்கம் யாரும் வயலில் செருப்போடு இறங்க மாட்டார்கள். கோபத்தில் மறந்திருந்தேன். சுற்றிலும் பார்த்தேன். கண்ணுக்கெட்டிய தூரம் முழங்கால் உயரப் பயிர்தான்; ஓர் ஆள்கூட இல்லை. செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்தேன்.

போன் மறுபடி அதிர்ந்தது.

“ம். இப்ப இறங்குங்க.”