வெளியே பூட்டிய வீட்டில் ஒரு பேஷண்ட்

ஜன்னல் வழியாக

அரசாங்க வேலையில் என் முதல் பேஷண்ட்டுக்கு நான் ஜன்னல் கம்பி வழியாகத்தான் எக்சர்சைஸ் சொல்லிக்கொடுத்தேன்.

அதற்கு முன்பு வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் பல வருடம் ஃபிசியோதெரபிஸ்டாக இருந்தேன். அங்கே பேஷண்ட் என்னைத் தேடி வருவார். ஏற்றி இறக்கும் கட்டில், இரண்டு பக்கமும் பிடித்து நடக்கக் கம்பி, கூப்பிட்ட குரலுக்கு ஆள் என்று எல்லாம் இருந்தது. வயதானவர்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லாமல், நாமே அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அரசாங்கம் முறையை மாற்றியபோது, ஆம்பூர் பக்கம் ஃபிசியோ வேண்டும் என்று ஆள் எடுத்தார்கள். பிரஷர், சுகர் மாத்திரையை நர்ஸ் கொண்டுபோய்க் கொடுப்பார். கை கால் விழுந்தவர்களை நான் பார்க்க வேண்டும். எனக்கும் ஒரு மாற்றம் தேவைப்பட்டது. சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் ஒரு பையில் எலாஸ்டிக் பேண்ட், பந்து, பிரஷர் மெஷின் எல்லாம் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் போய் இறங்கினால், வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. திரும்பலாம் என்று வண்டியைத் திருப்பும்போது ஜன்னலுக்குள்ளிருந்து ஒரு குரல்.

"இன்னாமா, வந்துட்டு ஒண்ணும் சொல்லாம போற?"

"கதவு பூட்டியிருக்கே, அண்ணா."

"சாவி என் பொண்ணு கிட்ட கீது. அவ ஷூ கம்பெனில கீறா. ஆறு மணிக்கு வருவா. நீ உக்காந்துட்டு இரு."

அவர்தான் கோவிந்தன். டேனரியில் தோல் பதனிடும் டிரம் ஓட்டியவர். மனைவி இல்லை. ஸ்ட்ரோக் வந்து இடது கையும் இடது காலும் வலுவிழந்திருந்தன. பேச்சுக்கு ஒரு குறையும் இல்லை. கட்டில் ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தது. நானும் வந்ததற்கு ஏதாவது செய்யலாம் என்று தெருவிலேயே நின்றுகொண்டு, "நல்ல கையால இந்தக் கையப் பிடிச்சு மேல தூக்குங்க" என்று செய்து காட்டினேன். நான் வெளியே கையைத் தூக்க, அவர் உள்ளே தூக்க, போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். காய்கறி வண்டிக்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அவரும் ஒரு தடவை தூக்கிப் பார்த்தார்.

பக்கத்து வீட்டு மதில் மேல் ஒரு தலை தெரிந்தது. "சிஸ்டர், அந்த ஆளு சோம்பேறி. நல்லா வேலை வாங்கு."

"அவன் கிட்ட பேசாதமா" என்றார் கோவிந்தன் உள்ளேயிருந்து.

நான் சிஸ்டர் இல்லை, ஃபிசியோ என்று அன்றைக்குச் சொன்னேன். கொஞ்ச நாளில் சொல்வதை விட்டுவிட்டேன்.

பஸ் ஸ்டாப்

அவர் மகள் சுமதியைப் பார்க்காமல் வேலை நடக்காது என்று மறுநாள் விடிந்ததும் கம்பெனி பஸ் வரும் இடத்துக்குப் போனேன். டிபன் பையோடு ஐம்பது அறுபது பெண்கள் நின்றிருந்தார்கள். சுமதி என்று கேட்டதும் ஒல்லியாக ஒருத்தி முன்னால் வந்தாள். ஷூவின் மேல்பாகம் தைக்கும் லைனில் வேலை.

"ஒரு நாளு பூட்டாம போனேன், மேடம். நைனா செவுத்தப் புடிச்சிக்கினு வெளிய வந்து கால்வாய்ல விழுந்துட்டாரு. அதுலேர்ந்து பூட்டிட்டுத்தான் போறேன். மனசு கேக்குதா? கேக்கல. இன்னா பண்றது?"

"பக்கத்து வீட்டுல ஒரு சாவி குடுத்து வைக்கலாமே?"

"ஏசுதாஸ் அண்ணன் கிட்டயா? குடுத்தா நைனா சாப்பிடவே மாட்டாரு."

ஏசுதாஸ்தான் மதில் மேல் தெரிந்த தலை. அவரும் வேலையிலிருந்து ஓய்ந்தவர்தான். அவர் வீட்டு முருங்கை மரத்தின் கிளை இந்தப் பக்கம் சாய்ந்து, மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி எல்லாம் கோவிந்தன் வீட்டுச் சுவரில் இறங்குமாம். கோவிந்தன் கிளையை வெட்டச் சொன்னார், ஏசுதாஸ் வெட்டவில்லை. அதிலிருந்து பேச்சு இல்லை. கம்பளிப்பூச்சிக்காக இவ்வளவு வருடப் பகையா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சுமதி சிரிக்கவில்லை.

"எங்க சொந்த அண்ணன் பெங்களூர்லேர்ந்து போன் பண்ணி ஹோம்ல சேத்துடலாம்னு சொல்றான். இல்லாட்டி நான் வேலைய விடணும். ரெண்டு மூணு மாசம் பாத்துட்டு நின்னுடறேன்னு சூப்பர்வைசர் கிட்ட சொல்லிட்டேன். எனக்கு இந்த வேலை புடிக்கும், மேடம்." பஸ் வந்துவிட்டது. கடைசி வாக்கியத்தை அவள் படியில் நின்றுதான் சொன்னாள்.

ரிவ்யூ மீட்டிங்

எங்கள் திட்டத்தில் ஒரு நல்ல விஷயம் உண்டு. ஃபிசியோ வாரத்துக்கு ஓரிரு முறைதான் போக முடியும் என்பதால், வீட்டில் கவனித்துக்கொள்பவருக்குப் பயிற்சி கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். திட்டத்தை எழுதும்போது, பகலில் வீட்டில் ஒருவர் இருப்பார் என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் காலையில் பஸ் வந்து போனால் பல தெருக்களில் வயதானவர்களும் நாய்களும்தான் மிச்சம்.

மாதாந்திர மீட்டிங்கில் இதைச் சொன்னேன். வட்டார மருத்துவ அதிகாரி என்னைவிட வயதில் சின்னவர். சட்டென்று கோபப்படுவார், சட்டென்று சிரிப்பார்.

"அதுக்கு நாம இன்னா பண்ண முடியும், மேடம்? ஃபீல்டு விசிட் ஒன்பதரைக்கு மேலதான்."

"காலைல ஆறு மணிக்குப் போனா பொண்ணுங்க வீட்டுல இருப்பாங்க, சார். சொல்லிக் குடுத்துட்டு வந்துடலாம். மதியம் நாங்க சீக்கிரம் கிளம்பிக்கறோம்."

"ஆறு மணிக்கு யாரு வருவா?"

நர்ஸ்கள் இரண்டு பேர் கை தூக்கினார்கள். அவர்களுக்கும் மதியம் சீக்கிரம் வீட்டுக்குப் போகும் ஆசை இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. அவர் கொஞ்ச நேரம் பேனாவை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "எங்க அம்மாவையும் பகல்ல யாரும் பாக்கறதில்ல, திருவண்ணாமலைல தனியாத்தான் கீறாங்க" என்றார். "மேல பேசறேன். ஒரு மாசம் செஞ்சு பாருங்க."

மேலிடமும் ஒப்புக்கொண்டது. காலை ரவுண்டு அப்படித்தான் ஆரம்பித்தது.

கோவிந்தன் கேட்டது

பூட்டு திறந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. சுமதி ஒரு கண் அடுப்பிலும் ஒரு கண் எங்கள் மேலும் வைத்துக் கற்றுக்கொண்டாள். கோவிந்தன்தான் ஒத்துழைக்கவில்லை.

"கைய மேல தூக்கி எனக்கு இன்னா ஆவப் போவுது? பரணை மேல இருந்து பானை எடுக்கப் போறனா?"

ஒரு வாரம் இப்படியே போயிற்று. எனக்குக் கோபம் வந்துவிட்டது. "சரி அண்ணா, நான் சொல்றத விடுங்க. உங்களுக்கு இன்னாதான் பண்ணணும்?"

சுமதி தண்ணீர் பிடிக்கத் தெருவுக்குப் போகும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. அவள் போனதும் மெதுவாகச் சொன்னார்.

"கக்கூசுக்கு நானே போவணும்மா. பொட்டப் புள்ள. அவ கம்பெனிலேர்ந்து வந்து பகல்ல நான் போன வாளிய எடுத்து ஊத்தறா. என்னால அவ மூஞ்சப் பாக்க முடியல."

இத்தனை வருட வேலையில் எத்தனையோ பேருக்குக் கையையும் காலையும் அளந்து எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குச் சரியாகத் தெரிந்தது. கக்கூஸ் பின்பக்கம் இருந்தது. கட்டிலிலிருந்து எழுந்து, சமையல் இடத்தைத் தாண்டி, ஒரு படி இறங்கி, ஆறேழு அடி நடந்து, கதவைத் திறந்து உட்கார வேண்டும். அதை மட்டும் துண்டு துண்டாகப் பிரித்தேன். ஒரு வாரம் எழுந்து நிற்பது மட்டும். அடுத்து திரும்புவது. அதன் பிறகு அந்தப் படி. திட்டத்தில் வாக்கர் வந்தது. சுவரில் பிடிக்கக் கம்பி அடிக்க ஏற்பாடு செய்தோம். வேலூர் லாங் பஜாரில் வழுக்காத ரப்பர் விரிப்பு வாங்கிவந்து படியில் ஒட்டினேன். பரணைப் பானையைப் பற்றிப் பேசிய மனிதர், நான் போகும்போதே கட்டிலில் தயாராக உட்கார்ந்திருக்க ஆரம்பித்தார்.

மதில் ஏறியவர்

சொன்ன வேகத்துக்கு மேல் போவதும் ஒரு வியாதிதான். நான் இல்லாமல் படி இறங்க வேண்டாம் என்று கோவிந்தனிடம் சொல்லியிருந்தேன். ஒருநாள் பகலில் தனியாக இறங்கினார். இறங்கிவிட்டார். திரும்ப ஏற முடியாமல் படியிலேயே சரிந்து உட்கார்ந்துவிட்டார். எழ முடியவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஏசுதாஸ் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

கோவிந்தன் கூப்பிடவில்லை. முனகல் சத்தம் கேட்டு ஏசுதாஸ்தான் எட்டிப் பார்த்தாராம். ஏசுதாஸின் மனைவி திமிரியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போயிருந்ததால் தடுக்க ஆள் இல்லை. ஏணி வைத்து மதில் ஏறி, முருங்கைக் கிளையைப் பிடித்து இந்தப் பக்கம் குதித்துவிட்டார். கோவிந்தனைத் தூக்கி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைத்தார். அதற்குப் பிறகுதான் ஏசுதாஸுக்கு ஒன்று புரிந்தது. ஏணி அந்தப் பக்கம். வாசல் வெளியே பூட்டு. போன் அவர் வீட்டில். கோவிந்தன் போனில் கூப்பிட்டால் சுமதி எடுக்க மாட்டாள், லைனில் போன் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். ஜன்னல் வழியாகத் தெருவில் போன ஒருவரைக் கூப்பிட்டதற்கு, பூட்டை உடைக்கட்டுமா என்று அவர் கேட்டாராம். "புதுப் பூட்டுப்பா, வேணாம்" என்று சொல்லிவிட்டார் கோவிந்தன்.

சாயந்தரம் சுமதி வந்து கதவைத் திறந்தால், உள்ளே இரண்டு பேர். அவள் வைத்துவிட்டுப் போன சாம்பார் சாதத்தைப் பங்கிட்டுச் சாப்பிட்டுவிட்டு, டிவியில் பழைய கிரிக்கெட் மேட்ச் பார்த்துச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் காலை நான் போய்க் கோவிந்தனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். நான் திட்டி முடித்ததும் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு சாவி அவன் கிட்ட குடுத்துடு. இல்லாட்டி தினம் செவுரு ஏறிக் குதிப்பான். இவன் கால ஒடச்சிக்கினா அதுக்கும் சிஸ்டர்தான் வரணும்."

ஞாயிற்றுக்கிழமை

விழுந்த செய்தி பெங்களூருக்கும் போய்விட்டது. மகன் சேகர் அந்த ஞாயிறே காரோடு வந்தார். சுமதி என்னை வரச் சொல்லியிருந்தாள். சேகர் கெட்டவர் இல்லை. பயந்துபோயிருந்தார்.

"ஹோம்ல இருபத்துநாலு மணி நேரமும் ஆளு இருப்பாங்க, மேடம். இங்க இவரு செத்துக் கிடந்தாக்கூட சாயந்தரம்தான் தெரியும்."

"நியாயம்தான்" என்றேன்.

கோவிந்தன் வாக்கரை இழுத்தார். எழுந்தார். நான் பக்கத்தில் போனேன், கண்ணாலேயே தள்ளி நிற்கச் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். ஃபிசியோவுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை கிடையாது. சமையல் இடத்தைத் தாண்டினார். படி. சுவர்க் கம்பியைப் பிடித்து, எந்தக் கால் முதலில் என்று ஒரு கணம் யோசித்து, சரியான காலை வைத்து இறங்கினார். கக்கூஸ் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் சமையல் இடத்தில் மூச்சுவிடாமல் நின்றோம். ஒரு மனிதர் கக்கூசிலிருந்து வெளியே வருவதற்கு இத்தனை பேர் காத்திருந்தது அந்தத் தெருவிலேயே அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

வந்தார். படி ஏறினார். கட்டிலில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டே மகனிடம் சொன்னார்: "சாவி ஏசுதாஸ் கிட்ட கீது. காலைல ஒருவாட்டி, மதியம் ஒருவாட்டி வந்து பாப்பான். வேணாம்னாலும் வருவான். நீ போய்ட்டு வா."

சேகர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி நைனா" என்றார். சுமதி உடனே போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். சூப்பர்வைசரிடம்தான் பேசினாள். வேலையை விடவில்லை என்று அவள் சொன்னது தெருவுக்கே கேட்டது.

ஆப்பில் இல்லாத பதில்

சில மாதம் கழித்து ஒரு காலை ரவுண்டில் போனால் கட்டில் காலி. சுமதி இட்லி ஊற்றிக்கொண்டே, "ரெண்டு பேரும் முனைக் கடைக்கு டீ குடிக்கப் போய்ட்டாங்க, மேடம். நீங்க வருவீங்கன்னு சொன்னேன், கேக்கல" என்றாள்.

நாங்கள் போகும் ஒவ்வொரு வீட்டையும் செல்போன் ஆப்பில் பதிய வேண்டும். பேஷண்ட்டைப் பார்க்கவில்லை என்றால் காரணம் கேட்கும். வீடு பூட்டியிருந்தது, மறுத்துவிட்டார், ஊர் மாறிவிட்டார், இறந்துவிட்டார். இவ்வளவுதான் இருந்தது. எதைத் தொடுவது என்று தெரியாமல், கீழே எழுத இருந்த இடத்தில், "டீக்கடைக்கு நடந்து போயிருக்கிறார்" என்று அடித்து அனுப்பினேன்.

மதியம் அதிகாரி போனில் கூப்பிட்டார். "மேடம், இது இன்னா ரிப்போர்ட்?"

"உண்மைதான், சார். வாக்கர்லயே போய்ட்டாரு."

அவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. "அடுத்த மீட்டிங்ல இதத்தான் முதல்ல படிக்கப் போறேன்" என்றார். படித்தார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் ஒன்றுதான் சொல்வேன். திட்டம் உங்களை வீட்டு வாசல்வரை கொண்டுபோய் விடும். உள்ளே போனதும் கையையும் காலையும் தொடுவதற்கு முன்னால், தானே என்ன செய்துகொள்ள ஆசைப்படுகிறார் என்று அவரிடம் கேளுங்கள். பதில் உடனே வராது. கூச்சமான பதிலாகவும் இருக்கும். பக்கத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கேளுங்கள், காத்திருங்கள். பேஷண்ட் நம்மைக் காக்க வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற நாள் வரும். அன்றைக்குக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.