சாம்பல் நிறக் காரின் இருபது போல்ட்கள்

இந்தப் பக்கங்களில் நோயிலிருந்து எழுந்தவர்களின் சாட்சிகளையும் விபத்தில் உயிர் தப்பியவர்களின் சாட்சிகளையும் வாசித்திருக்கிறேன். எனக்கு நோய் வரவில்லை. விபத்தும் நடக்கவில்லை. நடக்காமல் போன ஒரு விபத்தைப் பற்றியும், அதற்கு முன் ஆறு கிழமை எனக்குள் இருந்த பொறாமையைப் பற்றியும் எழுதுகிறேன். ஆண்டவர் செய்ததைச் சொல்ல வேண்டுமென்றால் நான் செய்ததையும் சொல்லத்தான் வேண்டும்.

என் பெயர் ஜெயசீலன். வவுனியாவில் வான்களும் முச்சக்கர வண்டிகளும் திருத்தும் சிறிய கராஜ் ஒன்று வைத்திருந்தேன். அதோடு ஒன்பது வருடம் ஒரு பத்திரிகைக்குப் பகுதிநேர நிருபராகச் செய்தி அனுப்பினேன். திருமணமாகி டென்மார்க்குக்கு வந்தது நாற்பதாவது வயதில். மனைவி மெர்சி ஹோர்சன்ஸில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்கிறார். எனக்கு இரண்டு வருடம் ஒழுங்கான வேலை அமையவில்லை. நிரந்தர வேலை இல்லாமல் நிரந்தர வதிவிட அனுமதியைப் பற்றி நினைக்கவும் முடியாது. தபால்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், குடிவரவுக் காரியாலயத்தின் கடிதம் கிடக்குமோ என்று பயப்படுவேன்.

கடந்த வருடம் அக்டோபரில் ஒரு கராஜில் பத்துக் கிழமை வேலை கிடைத்தது. குளிர் தொடங்குமுன் இங்கே எல்லோரும் காருக்குக் குளிர்கால டயர் போடுவார்கள். கழற்றும் கோடை டயர்களை நாங்களே பெயர் ஒட்டி, பின்பக்கத்து அறையில் அடுக்கி, வசந்தம் வரை பாதுகாப்போம். அந்த அறைக்கு டயர் ஹோட்டல் என்று பெயர். பருவத்துக்காக எடுத்தவர்கள் இரண்டு பேர். முதலாளியை எல்லோரும் மெஸ்டர் என்பார்கள். அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்: டிசம்பரில் ஒருவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வேன்.

மற்றவன் றெஜி. எங்கள் சபையைச் சேர்ந்தவன்தான். என்னைவிட எட்டு வயது இளையவன். ஐந்து வயதில் இங்கே வந்தவன். டேனிஷ் மொழியில் அவன் சொல்லும் பகிடிக்கு மெஸ்டர் முதுகில் தட்டிச் சிரிப்பார். நான் வேலையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் மெஸ்டர் நெற்றியைச் சுருக்குவார். முகங்களைக் கவனித்துப் பழகியவன் நான். இரண்டு முகங்களுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு நாளும் மனதில் பதிந்துகொண்டேன்.

முதல் கிழமை குளிர்தான் பெரிய பாடு. ஒவ்வொரு கார் வரும்போதும் போகும்போதும் பெரிய கதவு திறக்கும். கடல் பக்கத்துக் காற்று நேராக உள்ளே வரும். விரல் விறைத்துப் போல்ட் கையிலிருந்து நழுவி விழும். அதைக் கண்ட றெஜி அடுத்த நாள் எனக்கு ஒரு சோடி மெல்லிய கம்பளிக் கையுறை கொண்டுவந்தான். ரப்பர் கையுறைக்கு உள்ளே போட வேண்டியது. நான் நன்றி சொல்லி வாங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். இரண்டு நாள் விறைத்துக்கொண்டே வேலை செய்தேன். அவன் தந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

வெள்ளிக்கிழமைகளில் காலை உணவை ஒருவர் மாறி ஒருவர் எல்லோருக்கும் கொண்டுவர வேண்டும். என் முறை வந்தபோது மெர்சி விடிய எழும்பி நாற்பது ரோல்ஸ் பொரித்துத் தந்தார். எல்லாம் முடிந்தது. கடைசி ரோல்ஸைக் கடித்துக்கொண்டு மெஸ்டர் றெஜிக்கு நன்றி சொன்னார். றெஜி உடனே என்னைக் காட்டி ஏதோ சொன்னான். அதற்கும் எல்லோரும் றெஜியைப் பார்த்துத்தான் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். மெர்சி, "அந்தப் பெடியன் உங்களைத்தானே காட்டினவன்? பிறகென்ன?" என்று கேட்டார். காட்டியதுதான் எனக்குப் பிரச்சினை என்று அவருக்கு எப்படி விளங்கப்படுத்துவது?

எங்கள் சபையில் வெள்ளி மாலை ஜெபக்கூட்டம். விண்ணப்பங்களைத் துண்டில் எழுதிக் கொடுப்போம், பாஸ்டர் வாசிப்பார். அந்த மாலை என் துண்டை வாசித்தார்: சகோதரன் ஜெயசீலனுக்கு நிரந்தர வேலை. அடுத்த துண்டை வாசித்தார்: சகோதரன் றெஜிக்கு நிரந்தர வேலை. பாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டு பேரும் கேக்கிறது ஒரே கராஜிலயோ?"

"ஓம் பாஸ்டர், ஒரே கதிரைதான்" என்றான் றெஜி. சபை சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஒருவருக்காக ஒருவர் ஜெபிக்கும்படி பாஸ்டர் சொன்னார். றெஜி என் தோளில் கை வைத்தான். "ஆண்டவரே, அண்ணைக்கு வீட்டிலை கனக்கப் பொறுப்பு. அவருக்குக் குடுங்கோ" என்று ஜெபித்தான். என் முறை வந்தது. அவன் தலையில் கை வைத்து, அவனை ஆசீர்வதியும் என்று சத்தமாகச் சொன்னேன். உள்ளே சொன்னது வேறு. கர்த்தாவே, இவனிடம் உள்ள குறைவை வெளியே கொண்டுவாரும். அந்த வார்த்தைகளை நான் மறக்கவில்லை. அடுத்த கிழமையிலிருந்து புதன்தோறும் மதியம் உபவாசம் இருந்து அதையே கேட்டேன்.

மெர்சிக்கு என் முகத்தில் விளங்கியிருக்க வேண்டும். "எரிச்சலோடை இருக்கிறது உபவாசமில்லை, இஞ்சாருங்கோ, அது சும்மா பட்டினி" என்றார். அடுத்த புதனும் நான் மதியம் சாப்பிடவில்லை.

நவம்பர் நடுப்பகுதி. ஒரு செவ்வாய்க்கிழமை காலை.

காரின் சில்லை, அதாவது சக்கரத்தை, மாற்றும் முறையைச் சொல்லிவிடுகிறேன். காரை உயர்த்தி, பழைய சில்லைக் கழற்றிப் புதியதைப் பூட்டி, போல்ட்களை எயார் கன்னால் மெதுவாக ஓட விடுவோம். அது இறுக்கம் அல்ல. காரை நிலத்தில் இறக்கியபின், அளவு பார்த்து இறுக்கும் நீளமான சாவியால் ஒவ்வொரு போல்ட்டையும் இறுக்க வேண்டும். சரியான அளவு வந்ததும் அது கிளிக் என்று சத்தம் போடும். பிறகு வேலை அட்டையில் கையெழுத்து. எனக்கும் றெஜிக்கும் அந்தச் சாவி ஒன்றுதான். அவனிடம் இருந்தால் நான் போய்க் கேட்க வேண்டும்.

அன்று அது அவனிடம் இருந்தது. எனக்குக் கேட்க மனமில்லை. அவன் திருப்பி வைக்கட்டும் என்று காத்திருந்தேன். அந்த நேரம் மெஸ்டர் அவனுடைய இடத்துக்குப் போனார். இருவரும் ஏதோ கதைத்தார்கள். மெஸ்டர் அவனிடம் ஒரு தாளைக் காட்டினார். வேலை ஒப்பந்தமாக இருக்குமோ? என் கை அட்டையில் கையெழுத்து வைத்தது, கண் அந்தத் தாளில் இருந்தது. என் முன்னால் நின்றது ஒரு சிறிய சாம்பல் நிறக் கார். அதன் சொந்தக்காரி எழுபது வயது மதிக்கத்தக்க டேனிஷ் பெண். ஓர்ஹூஸ் நகரில் மகள் வீட்டுக்குப் போவதாகச் சொன்னார். அவ்வளவு டேனிஷ் எனக்கு விளங்கும். கார்த் திறப்பை அவர் கையில் கொடுத்தேன். கதவு திறந்தது. கார் போனது.

இருபது நிமிடம் கழித்து அடுத்த காரை இறக்கினேன். வேறு வழியில்லாமல் றெஜியிடம் போய்ச் சாவியைக் கேட்டேன். எடுத்துத் தந்தவன் சாவியிலிருந்து தன் கையை எடுக்கவில்லை.

"அண்ணை, இது பத்து மணியிலயிருந்து என்னட்டைத்தான் கிடக்குது. அந்தச் சாம்பல் காரை எதாலை இறுக்கினீங்கள்?"

நான் இறுக்கவே இல்லை. எனக்கு முதலில் வந்த எண்ணத்தை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த அம்மாவின் நினைவு வரவில்லை. றெஜிக்குத் தெரிந்துவிட்டதே என்பதுதான் முதலில் வந்தது. அடுத்தது அதைவிட மோசம்: சாவியை அவன் வைத்திருந்ததுதான் காரணம் என்று மெஸ்டரிடம் சொல்லலாம். மூன்றாவதாகத்தான் அந்த அம்மா வந்தார். ஓர்ஹூஸுக்குப் போகும் வழி நெடுஞ்சாலை. நூற்றுப் பத்தில் போகும் காரில் சில்லு கழன்றால் என்ன நடக்கும் என்று ஒரு மெக்கானிக்குக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அட்டையில் அவருடைய தொலைபேசி எண் இருந்தது. எடுத்தேன். மணி அடித்தது, பதில் இல்லை. திரும்ப எடுத்தேன். இல்லை. அவர் எடுத்தாலும் இதை டேனிஷில் சொல்ல என்னால் முடியாது. அட்டையை றெஜியின் கையில் கொடுத்துவிட்டு டயர் ஹோட்டலுக்குள் போனேன். அடுக்கிய டயர்களுக்கு நடுவே சீமெந்து நிலத்தில் முழங்கால் போட்டேன். ஆறு கிழமையாக நீளமாக ஜெபித்தவனுக்கு ஒரே வரிதான் வந்தது. ஆண்டவரே, அந்தக் காரை நிறுத்தும். வேலையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அது நினைவில் இருக்கவே இல்லை.

நான் எழும்பி வரும்போது றெஜி தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருந்தான். மெதுவாக, பயப்படுத்தாமல். வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"நிக்கிறா அண்ணை. சேமக்காலையிலை நிக்கிறா. காரைத் தொட வேண்டாம் எண்டு சொல்லியிருக்கிறன். வாங்கோ."

அவனுடைய காரில் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். எட்டு நிமிடம். இங்குள்ளவர்கள் பனி விழுமுன் கல்லறைகளைப் பைன் கிளைகளால் மூடுவார்கள். அந்த அம்மா கணவரின் கல்லறையில் முழங்காலிட்டுக் கிளைகளை ஒழுங்காக அடுக்கிக்கொண்டிருந்தார். கார் மதில் ஓரம் நின்றது. கொண்டுபோன இறுக்கும் சாவியை ஒவ்வொரு போல்ட்டிலும் போட்டேன். சில்லுக்கு ஐந்தாக இருபது போல்ட். பதினெட்டு, கிளிக் சத்தம் வருமுன் இன்னும் சுற்றின. பின்பக்கம் இடது சில்லில் ஒன்றை என் விரலாலேயே சுற்ற முடிந்தது.

றெஜி அவருடன் கதைத்துவிட்டு வந்து சொன்னான். மகள் வீட்டிலிருந்து திரும்பி வரும்போதுதான் கல்லறைக்குப் போக நினைத்திருந்தாராம். கிளைகளும் மகள் வீட்டு அலங்காரத்துக்கென்று வாங்கியவையாம். நெடுஞ்சாலைக்குத் திரும்பும் சந்தியில் விளக்குக்கு நின்றபோது மனம் மாறி, மற்றப் பக்கம் திருப்பினாராம். "ஏன் திருப்பினனெண்டு தனக்கே தெரியாதாம், அண்ணை."

எனக்குத் தெரியும். அவர் அந்தச் சந்தியில் திருப்பியபோது நான் இன்னும் ஜெபிக்கவே தொடங்கவில்லை. நேரத்தைக் கணக்குப் பார்த்தேன், அது என் பழக்கம். நான் கேட்குமுன்பே அந்தக் கார் நிறுத்தப்பட்டிருந்தது. 

திரும்பி வரும் வழியில் றெஜி சொன்னான்: "கார்ட்டிலை சைன் கிடக்குது. போல்ட்டும் இப்ப இறுகிக் கிடக்குது. நான் வாய் திறக்க மாட்டன்."

"நான் செய்யாததைச் செய்தனான் எண்டு எழுதிக் குடுத்திருக்கிறன், றெஜி."

"மெஸ்டருக்குச் சொன்னா வேலை போயிடும்."

"ஓம்."

"பிறகு எனக்குத்தான் கிடைக்கும். அது தெரியுமெல்லே?"

"அதுதானடா சொல்லக் கஷ்டமாயிருக்கு" என்றேன். அவன் சிரித்த சிரிப்பில் கார் வெள்ளைக்கோட்டைத் தாண்டிவிட்டது. ஆறு கிழமையில் அவனோடு சேர்ந்து நான் உண்மையாகச் சிரித்தது அதுதான் முதல் தடவை.

மெஸ்டரிடம் என் டேனிஷிலேயே சொன்னேன். மூன்று சிறிய வாக்கியங்கள். இறுக்கவில்லை. கையெழுத்து வைத்தேன். இப்போது போய் இறுக்கிவிட்டோம். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு அந்த அம்மாவை அழைத்து மன்னிப்புக் கேட்டார். என்னிடம், போய்ச் சாப்பிடு என்று மட்டும் சொன்னார். அவர் றெஜியிடம் காட்டிய தாள் டயர் ஓடர் செய்யும் பட்டியல் என்பது பிறகுதான் தெரிந்தது.

டிசம்பரில் நிரந்தர வேலை றெஜிக்குக் கிடைத்தது.

நான் உபவாசம் இருந்து கேட்டதும் கிடைத்தது. குறைவு வெளியே வந்தது. ஆனால் அது அவனுடையதல்ல, என்னுடையது. ஜனவரியும் பெப்ரவரியும் வேலையில்லாமல் இருந்தேன். மொழிப் பாடசாலைக்குப் போனேன். ஞாயிறுகளில் றெஜி கராஜின் பெயர் போட்ட ஜக்கெட்டோடு சபைக்கு வருவான். அந்த ஜக்கெட்டுப் பையின் ஜிப் எந்தப் பக்கம் என்றுகூட இப்போதும் சொல்லுவேன்.

மார்ச்சில் மெஸ்டர் அழைத்தார். மீண்டும் பருவ வேலைதான். ஆனால் இம்முறை என் இடம் கதவடியில். எவர் சில்லு மாற்றினாலும் கார் வெளியே போகுமுன் எல்லாப் போல்ட்களையும் நான் தொட்டுப் பார்த்துக் கையெழுத்து வைக்க வேண்டும். ஏன் நான் என்று கேட்டேன். "உன்னுடைய பிழையை நீயாக வந்து சொன்னாய். மற்றவர்களுடையதையும் சொல்லுவாய்" என்றார். இந்த அக்டோபரிலும் அதே இடத்தில் நிற்கிறேன். நிரந்தர வேலை இன்னும் இல்லை. தபால்பெட்டிப் பயம் குறைந்திருக்கிறது. வேலையை மட்டும் பார்க்கிறேன், பக்கத்து இடத்தை அல்ல. பெரும்பாலான நாட்களில்.

பிரியமானவர்களே, உங்கள் ஜெபத்துக்குள்ளும் இன்னொருவருடைய வீடோ பிள்ளையோ வேலையோ வந்து நிற்குமானால், வெட்கப்பட்டு ஜெபத்தை நிறுத்திவிடாதீர்கள். அப்படியே அவர் முன் கொண்டுபோங்கள். நான் அழுக்காகக் கேட்டுக்கொண்டிருந்த நாட்களில்தான் அவர் ஒரு தாயின் உயிரைக் காத்தார், அவரோடு சேர்த்து என்னையும். அவருக்கே ஸ்தோத்திரம்.

ஒரு விண்ணப்பமும் உண்டு. போன ஞாயிறு ஆராதனை முடிந்தபின் றெஜி தனியாகக் கூப்பிட்டு, வீடு வாங்கியிருப்பதாக முதலில் எனக்குத்தான் சொன்னான். சந்தோஷம் தம்பி என்று சொல்லிக் கையைக் கொடுத்தேன். கை கொடுத்தது முழு மனதோடு அல்ல. அடுத்த மாதம் வீடு குடிபுகும்போது என்னைத்தான் ஜெபிக்கச் சொல்லியிருக்கிறான். அதற்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. எனக்காக ஜெபித்துக்கொள்ளுங்கள்.