பெடலுக்கடியில் எலுமிச்சம்பழம்

நேற்று பாகூர் கடைத்தெருவில் எலுமிச்சம்பழம் வாங்கப் போனேன். ஆயுத பூஜை வருகிறதே. "வண்டிக்கா, ஊறுகாய்க்கா?" என்றார் கடைக்காரர். வண்டிக்கு என்றதும், பொறுக்கி வைத்திருந்த நல்ல பழங்களைத் தள்ளிவிட்டு ஓரத்துக் கூடையைக் காட்டினார். "நசுங்கப்போற பழத்துக்கு இன்னாத்துக்குப்பா அழகு?" நியாயம்தான். பழங்களைப் பையில் போட்டு பைக்கின் கண்ணாடியில் மாட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் அந்த வாசனை. உங்களுக்கு எலுமிச்சை என்றால் ரசமோ சர்பத்தோ ஞாபகம் வரும். எனக்கு ஒரு கார் ரேஸ் மெஷின் ஞாபகம் வந்தது. சிரிக்காதீர்கள், சொல்கிறேன்.

வீடியோ கேம் கடைகளில் ஆளுயரப் பெட்டி இருக்குமே, உள்ளே குண்டு டிவி வைத்தது, அவற்றைத் தேடிப்பிடித்துப் பழுதுபார்ப்பது எனக்குப் பைத்தியம். செலியமேட்டில் எங்கள் வீட்டுக்குப் புதிதாக வருகிறவர்கள் செருப்பைக் கழற்றும்போதே "கடை ஏதாவது வைக்கப்போறீங்களா?" என்று கேட்டுவிடுவார்கள். அம்மாவுக்கு அதைக் கேட்டால் முகம் சுருங்கிவிடும். "கடை வெச்சாலும் பரவால்லீங்க, இவன் சும்மா வெச்சிக்கினு இருக்கான்" என்பாள்.

இந்தப் பைத்தியத்துக்கு விதை போட்டது பாகூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் இருந்த ஒரு கேம் கடை. சரளாக்காவின் அண்ணன் ஆரம்பித்தது. ஆரம்பித்த சூட்டோடு அவர் வெளிநாட்டுக்குப் போய்விட, ப்ளஸ் டூ முடித்திருந்த சரளாக்கா கல்லாவில் உட்கார்ந்தார். டோக்கன் கொடுப்பது, பட்டனைக் குத்துகிறவன் மண்டையில் ஸ்கேலால் தட்டுவது, சண்டை போட்டால் இரண்டு பேரையும் வெளியே அனுப்புவது, எல்லாம் அவர்தான். ஆனால் ஒரு நாளும் விளையாடி நான் பார்த்ததில்லை. "நீங்க ஆடுங்கக்கா" என்றால், "நான் எழுந்தன்னா கல்லாவுல யாரு, உங்கப்பனா?" என்பார்.

கடையின் ராஜா கார் ரேஸ் மெஷின். ஸ்டீயரிங் உண்டு, காலுக்குப் பெடல் உண்டு. காருக்குள் உட்கார்ந்தே பார்க்காத நாங்கள் மலைப்பாதைகளில் பறந்தோம். நன்றாக ஓட்டினால் திரையில் பெயருக்கு மூன்று எழுத்து போடலாம். அந்த மூன்று எழுத்துக்காகத் தின்பண்டம், வீட்டுப்பாடம், நட்பு எல்லாவற்றையும் விட்டவர்கள் உண்டு. ஆனால் அந்தப் பெருமைக்கு ஆயுள் சாயங்காலம் வரைதான். மெஷினுக்கு ஞாபக சக்தி கிடையாது. கரண்டை நிறுத்தினால் எல்லோர் பெயரும் போய்விடும். கடை மூடும் நேரத்தில் சரளாக்கா பெட்டிக்குப் பின்னால் கையை விட்டு, பார்க்காமலே சுவிட்சைத் தட்டுவார். படம் சுருங்கி, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியாகி, கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் மறையும். அந்தப் புள்ளி அணைகிற வரைக்கும் ஒருத்தரும் நகர மாட்டோம். "வூட்டுக்குப் போங்கடா, இன்னா திருப்பதி தரிசனமா?" என்று ஷட்டரை இழுப்பார்.

கடை மூடப்பட்டது, செல்போன் வந்தது, நான் பொறியியல் படித்தேன், புதுச்சேரி டவுனில் ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். சேர்ந்த புதிதில் ஒரு நாள் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் சித்தப்பாவுக்கு ஓ.பி. சீட்டுப் போட வரிசையில் நிற்கிறேன். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து, "டேய், ஸ்டீயரிங்க புடுங்குவியே, அவந்தான நீ?" என்று ஒரு குரல். சரளாக்கா! கல்லாவிலிருந்து கவுண்ட்டருக்கு மாறியிருந்தார், அதட்டல் மாறவில்லை. சித்தப்பாவை மறந்துவிட்டு மெஷின் என்னவாயிற்று என்று கேட்டேன்.

"வூட்டாண்ட கொட்டாயிலதான் கெடக்குது. கோழி அடஞ்சிக்கினு இருக்குது. வேணுமா?"

"வேணும்க்கா!"

"எடுத்துக்கினு போ. ஆனா ஓடிச்சின்னா என்னிய ஒரு தபா கூப்புடு. அத்தன வருசம் பாத்துக்கினே இருந்தன், ஒரு தபா கூட ஓட்டல."

விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது சத்தியம் போலத் தைத்துவிட்டது.

பனித்திட்டு பிரபு என்னோடு படித்தவன். மீன் ஏற்றும் குட்டி யானை வண்டி வைத்திருக்கிறான். அதில்தான் மெஷினைக் கொண்டுவந்தோம். வந்திறங்கியபோது மீன் வாசனை, கோழி எச்ச வாசனை, ஊறிய ப்ளைவுட் வாசனை மூன்றும் கலந்து ஒரு புது வாசனை பிறந்திருந்தது. அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலை மறித்தாள்.

"இன்னாடா இது, பொணப் பெட்டியா?"

"கார் ரேஸும்மா."

"காரு வாங்கற வயசுல காரு பொம்மைய எடுத்தாந்திருக்கான் பாரு!"

பிரபு வேறு, "அத்த, மீன் கொழம்பு வெச்சா இதுக்கும் ஒரு கிண்ணம் வெய்யிங்க" என்றான்.

அடுத்த மாதங்களில் என்னைவிடச் சந்தோஷமான ஆள் எங்கள் பாகூர் கொம்யூன் பஞ்சாயத்திலேயே இருந்திருக்க மாட்டான். வேலை விட்டு வந்ததும் லுங்கியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். கரையான் அரித்த பக்கப் பலகையை அறுத்தெடுத்து வேறு பொருத்தினேன். பிக்சர் டியூபைப் பஞ்சால் துடைத்தால் கோழி இறகு வந்தது. ஈயம் உருகும் புகை இருக்கிறதே, ஆளுக்கு ஆகாத புகைதான், எனக்கென்னவோ சாம்பிராணி. இதற்கு நடுவே அக்காவுக்கு நிச்சயதார்த்தம் முடிவானது. என் சொந்த அக்காவுக்கு, சரளாக்காவுக்கு அல்ல. கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு மெஷின். அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்: "ஆயுத பூஜைக்குள்ள ஓடலன்னா பழைய இரும்புக்காரன்தான். சம்பந்தி வூட்டார் வந்து இதும் மேலயா தாம்பாளத்த வெப்பாங்க?"

ஓடாமலில்லை, ஓடியது. அதுதான் கொடுமை. படம் வந்தது, பாட்டு வந்தது, கார் மட்டும் பைத்தியமாகிவிட்டது. பெடலை மிதித்தால் நிற்கும், காலை எடுத்தால் பாயும். நான் போர்டைச் சந்தேகித்தேன். ஒவ்வொரு புள்ளியாக ஈயத்தை எடுத்து மறுபடி வைத்தேன். பவர் சப்ளையை மாற்றினேன். படித்த படிப்பு, மூளை இருக்கிற இடத்தில்தான் வியாதி இருக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தது. காலைப் பார்க்கத் தோன்றவே இல்லை. பூஜைக்கு முதல் நாள் பிரபு பார்த்துவிட்டு, "மச்சான், இத ஓட்டறவன் இன்னாடா, குடிச்சிருக்கானா?" என்று சிரித்தான். எனக்குக் கோபம் வந்து பெடலை ஓங்கி ஒரு உதை விட்டேன். உள்ளே ஏதோ கலகலவென்றது.

ஆணிகள் துருப்பிடித்து இறுகியிருந்தன. மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் திறந்தேன். பெடலுக்கு அடியில், ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுகிற திருகு மாதிரி ஒன்று உண்டு. எவ்வளவு மிதிக்கிறோம் என்று அதுதான் காருக்குச் சொல்லும். அது முழுக்கப் பச்சைக் களிம்பு பூத்துக் கிடந்தது. அதைச் சுற்றிக் காய்ந்த விதைகள், சுருங்கிய தோல். விரலில் எடுத்து முகர்ந்து பார்த்தேன். வாசனை போய்விட்டிருந்தது, ஆனால் எனக்கு மட்டும் வந்தது.

ஆயுத பூஜையன்று அந்தக் கடை மணக்க மணக்க இருக்கும். எல்லாத் திரைகளுக்கும் சந்தனம், குங்குமம், எங்களுக்கெல்லாம் கை நிறையப் பொரிகடலை. வண்டி என்றால் சக்கரத்துக்குப் பழம் வைக்க வேண்டும். கார் மெஷினும் வண்டிதானே, சக்கரம் இல்லாவிட்டால் என்ன, பெடல் இருக்கிறதே! சரளாக்கா பெடலுக்கு அடியில் ஒரு பழம் வைப்பார். பொரியைக் கொறித்தபடி ஒருத்தன் மிதிப்பான், சாறு பீய்ச்சும், நாங்கள் கை தட்டுவோம். வருஷம் தவறாமல். அவ்வளவு சாறும் எங்கே போயிருக்கும்? கை தட்டிய எனக்கே தோன்றவில்லை பாருங்கள்.

அதே மாதிரி வேறொரு திருகு, கெட்டுப்போன ஒரு ஆம்ப்ளிஃபயரில் இருந்து கிடைத்தது. மறுநாள் காலை மாட்டி மிதித்தேன். கார், சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை போலப் போனது. போன் செய்ததும் விடுமுறையில் இருந்த சரளாக்கா புதுப்புடவையில் வந்துவிட்டார். அதே நேரம் அம்மா தாம்பாளத்தோடு கூடத்துக்கு வந்தாள். தட்டில் சந்தனம், குங்குமம், ஒரு எலுமிச்சம்பழம். இரும்புக்காரனிடம் போட இருந்தவள், ஓடுவதைப் பார்த்ததும் பழம் எடுத்துவிட்டாள்.

"அம்மா, பெடலாண்ட போவாத!"

"இன்னாடா கத்தற? ஓடற வண்டிக்குப் பழம் வெக்கலன்னா விளங்குமா?"

"வெச்சதாலதாம்மா விளங்காம போச்சி!"

சரளாக்காவுக்கு விஷயத்தைச் சொன்னதும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப கார நிறுத்தனது நாந்தானா! அது மக்கர் பண்ணுதுன்னுதான்டா கடைக்குக் கூட்டமே கொறஞ்சிது." கடைசியில் வழி கண்டதும் அவரே. நகர்த்துவதற்காகப் பெட்டிக்கு அடியில் நான் ரோலர் போட்டிருந்தேன். அம்மா அதற்கடியில் பழத்தை வைத்தாள். பிரபுவும் நானும் மெஷினைத் தள்ளினோம். பழம் நசுங்கியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

சரளாக்கா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்தார். முதல் வளைவிலேயே மலையில் மோதினார். "தோ, யாரும் பேசாதீங்க" என்று மறுபடி ஆரம்பித்தார். எத்தனை பேர் ஓட்டியதைப் பார்த்தவர்! ஒவ்வொரு வளைவும் அவருக்கு மனப்பாடம், கைக்குத்தான் புதுசு. சமையலறையில் வடை ஆறிக்கொண்டிருந்தது, அதை விட்டுவிட்டு அம்மாவும் நின்று பார்த்தாள். கடைசியில் திரை பெயர் கேட்டது. சரளாக்கா நிதானமாக மூன்று ஆங்கில எழுத்து போட்டார். எஸ், ஏ, ஆர். சற்று நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பெட்டிக்குப் பின்னால் கையை விட்டார்.

"அக்கா, நிறுத்தாதீங்க! பேரு போயிடும்!"

"போவட்டும்டா. கட மூடச்சொல்ல எல்லார் பேரும்தான போச்சி. எனக்கு மட்டும் இன்னா தனியா?"

பார்க்காமலே சுவிட்சைத் தட்டினார். படம் சுருங்கிப் புள்ளியாகி நின்றது. அம்மா, பிரபு, நான், சரளாக்கா, யாரும் நகரவில்லை. புள்ளி அணைந்த பிறகுதான் வடை சாப்பிடப் போனோம்.

சம்பந்தி வீட்டார் வந்தபோது மெஷின் மேல்தான் தாம்பாளம் வைத்தார்கள், அது வேறு கதை. கேம் கடை இருந்த இடம் ரோட்டோடு சேர்ந்துவிட்டது. சரளாக்கா பூஜைக்குப் பூஜை வந்து மலையில் மோதிவிட்டுப் போகிறார். போன வருஷம் பிக்சர் டியூப் போய்விட்டது. அதே அளவில் வேறு எங்கும் கிடைக்கவில்லை, தட்டைத் திரை ஒன்றைப் பொருத்தியிருக்கிறேன். படம் பளிச்சென்று இருக்கிறது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் சுவிட்சைத் தட்டினால் உடனே இருட்டாகிவிடுகிறது. அந்தப் புள்ளி வருவதில்லை. நாங்கள்தான் பழக்கதோஷத்தில் கொஞ்ச நேரம் நிற்கிறோம்.