அம்மாவின் விரலில் காப்பிப் பொடி

கண்ணு, சின்ன வயதில் நீ உன் அம்மாவின் இடது கட்டைவிரலைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருப்பாய். விரலின் மேல்புறத்தில் எறும்பு வரிசை போல ஒரு கறுப்புக் கோடு. அழுக்கு என்று நினைத்துத் தேய்ப்பாய், போகாது. நேற்று நீ பாடப் புத்தகத்தை விரித்து "இணைப்புத் திசு" என்று உரக்கப் படித்தபோது, அந்தக் கோடும், அதைப் பற்றி எனக்குச் சொன்ன நர்சம்மாவும் பனிக்குள்ளிருந்து வருகிற மாதிரி நினைவில் வந்தார்கள். நான் எட்டாவதோடு நின்றவன். இந்த ஒரு பாடம் மட்டும் எனக்கு வேறு இடத்தில் நடந்தது.

எண்பதுகளின் தொடக்கம். மலைமேல் கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் காப்பி வறுத்து அரைக்கும் கொட்டகையில் எனக்கு வேலை. உன் அம்மா தோட்டத்தில் காப்பிச் செடிகளின் கிளைகளைக் கழித்துக் கவாத்து செய்வாள். நீ வயிற்றில் ஆறு மாதம். அன்று காலை பனி இறங்கி, செடிக்குச் செடி சிலந்தி வலைகள் நனைந்து தொங்கின. ஈரக் கிளையில் வழுக்கிய கத்தி அவள் விரலில் இறங்கிவிட்டது. கையைப் பிடித்தபடி கொட்டகைக்கே வந்து நின்றாள். ரத்தத்தைக் கண்டதும் பயந்துபோனேன். எங்கள் ஆட்களுக்கு எந்த வெட்டுக்கும் காப்பிப் பொடிதானே மருந்து! சூடு ஆறாத பொடியை ஒரு பிடி அள்ளிக் காயத்தில் திணித்து, துண்டால் இறுக்கிக் கட்டி, ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனேன்.

நர்சம்மாவுக்கு எங்களைவிட வயது குறைவு. துண்டை அவிழ்த்ததும் மூக்கைச் சுருக்கினார். "ஏனுங்க, விரல்ல காப்பி போடலாம்னு வந்தீங்களா? பாலும் சக்கரையும் எங்கீங்க?" உன் அம்மா வலியிலும் சிரித்துவிட்டாள். கழுவக் கழுவ, உள்ளே நூல்கற்றை போல வெள்ளையாக ஒன்று தெரிந்தது. "எலும்புங்களா?" என்றேன். "எலும்பில்லீங்க, தசைநாண். விரலை நிமுத்துற கயிறு. பாதி அறுந்திருக்குது." நல்லவேளையாக அன்று டாக்டர் வரும் நாள். அவர் தைத்து, விரல் அசையாதபடி சிறு மரத்துண்டு வைத்துக் கட்டினார். உன் அம்மா கேட்டது ஒன்றுதான். "இது மடங்கலைன்னா புள்ளைய எப்படிங்க தூக்குவேன்?" பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார் டாக்டர்.

வாராவாரம் கட்டு மாற்றப் போகும்போது நானும் அதையே கேட்டு நர்சம்மாவை நச்சரிப்பேன். ஒரு நாள் அவர், தான் தின்ன வைத்திருந்த ஆரஞ்சை உரித்து என் முன்னால் பிட்டார். "இந்தச் சுளையெல்லாம் எதுனால சிதறாம நிக்குது, பாருங்க." சுளைகளைச் சுற்றி வெள்ளை நார்வலை. உடம்பிலும் அப்படித்தானாம். தோலையும் தசையையும் எலும்பையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடிக்கிற வலை. இழுத்தால் எளிதில் அறாத நார் உண்டு, இழுத்து விட்டால் சுருங்கும் நாரும் உண்டு. நடுவே செல்கள் குடியிருக்கின்றன. நார் உண்டாக்கும் செல்கள் வெட்டுப்பட்ட இடத்துக்கு நகர்ந்து வந்து புது நார் நெய்கின்றன. வேறு சில, வேண்டாததை விழுங்கிக் காவல் காக்கின்றன. "நான் கழுவியும் போகாத உங்க பொடிய அதுங்க முழுங்கியிருக்கும். செரிக்க முடியாம அப்படியே வெச்சுக்கிட்டுக் கெடக்கும். அந்தக் கறுப்பு இனிப் போகாதுங்க." எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு காலைப் பனியில் சிலந்தி வலையைக் கண்டாலே, உன் அம்மாவின் விரலுக்குள் யாரோ ஓசையில்லாமல் நெய்துகொண்டிருப்பதாகத் தோன்றும். நெசவு கலைந்துவிடுமோ என்று மெதுவாக நடப்பேன்.

கட்டுப் பிரித்தபோது விரல் குச்சி போல நின்றது. புது நார் பக்கத்துத் தோலோடும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக மடக்கிப் பழக்க வேண்டும் என்றார் நர்சம்மா. மறுபடி அறுந்துவிடுமோ என்று உன் அம்மாவுக்குப் பயம். "நாளைக்கு மடக்கறேனுங்க" என்றே ஒரு மாதம் போயிற்று. பிறகு நீ பிறந்தாய். நர்சம்மா உன்னைத் துடைத்து அவள் பக்கத்தில் கிடத்தி, அந்த விறைத்த விரலை உன் உள்ளங்கையில் வைத்தார். இறுகப் பிடித்துக்கொண்டாய். "உடு சாமி, நொம்ப வலிக்குது" என்றாள். நீ விடவில்லை. பிடித்ததை அப்படியே வாய்ப் பக்கம் இழுத்தாய். விரல் மடங்கியது. பாதிதான், ஆனால் மடங்கியது.

"ஏனுங்கக்கா, நான் ஒரு மாசமாச் சொன்னேன், கேக்கலை. இது பொறந்து அரைமணி நேரம் ஆகலை, இது சொன்னதும் கேக்கறீங்க!" என்றார் நர்சம்மா.

அவர் மாற்றலாகிப் போய் வருஷங்கள் ஆகின்றன. நேற்று நீ படித்துக்கொண்டிருக்க, அம்மா உனக்கு ஆரஞ்சு உரித்துத் தந்தாள். பழத்தைப் பற்றியிருந்த அந்த விரல் மற்றதைவிட இன்னும் கொஞ்சம் குறைவாகத்தான் வளைந்திருந்தது. கறுப்புக் கோடும் அதன்மேல் கூடவே வளைந்திருந்தது. நான் பயத்தில் அள்ளிய பொடி, சோப்பு எட்டாத ஆழத்தில், இன்னும் பத்திரமாக இருக்கிறது.