காதைத் தொட்ட பிள்ளைக்குச் சோறு இல்லை

எழுபதுகளின் கடைசியில், நாகமலை புதுக்கோட்டைக்கு மேற்கே ஒரு கிராமத்தில் பால்வாடி டீச்சராக இருந்தேன். எனக்குச் சம்பளம் கொடுத்தது தல்லாகுளத்தில் இருந்த ஒரு சிறிய மாதர் சங்கம்; கோதுமை ரவையும் எண்ணெயும் மத்திய அரசு கொடுத்தது. நானும் ஆயாவும் சேர்ந்து உப்புமா கிண்டி, குழந்தைகளுக்கு ஊட்டி, பாட்டுச் சொல்லித் தூங்க வைப்போம். என் வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது என்று நினைப்பு எனக்கு. பெரும்பாலும் அது உண்மையும்தான்.

தாய்மார்கள் விடிந்ததும் களையெடுக்கப் போய்விடுவார்கள். கைக்குழந்தைகளை இடுப்பில் தூக்கி வருவது அவர்களுடைய அக்காமார். தூக்கி வந்த அக்காவுக்கும் ஒரு கரண்டி உப்புமா வைப்போம். அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது.

சித்திரைத் திருவிழா முடிந்த வாரம் டெல்லியிலிருந்து புது உத்தரவு வந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஒரு வாய்கூடக் கிடையாது. மீறினால் சங்கத்துக்கு வரும் ரவை நின்றுபோகும். ஆனால் அந்த ஊரில் எந்தப் பிள்ளைக்குப் பிறந்த தேதி தெரியும்? பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்குச் சேர்க்கும்போது பார்ப்பதையே நானும் பார்த்தேன். வலது கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் வயது ஆகிவிட்டது என்று கணக்கு.

"பாத்துச் செய்யுங்க டீச்சரம்மா" என்றாள் ஆயா.

"சட்டம்னா சட்டம்தான் ஆயா. ரவை நின்னு போச்சுன்னா எல்லாப் பிள்ளைக்கும்தான் பட்டினி" என்றேன்.

வரிசையில் நிற்க வைத்ததும் பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். பள்ளிக்கூடத்தில் சேர்க்கத்தான் பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள். ஒல்லியான ஒருத்தி, தம்பியை இறக்கி வைத்துவிட்டு, தலையைச் சாய்த்து, பல்லைக் கடித்துக்கொண்டு எட்டினாள். விரல் நுனி காதில் பட்டது.

"தொட்டுட்டேன் டீச்சர்!"

"கெட்டிக்காரி" என்று சொல்லி, சாப்பாட்டுப் பட்டியலில் அவள் பெயரை அடித்தேன். இன்று எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் அவளும் வரவில்லை, தம்பியும் வரவில்லை. ஒரு வாரத்தில் பாதிக் குழந்தைகளைக் காணோம். தாய்மாருக்குப் பொறுப்பில்லை என்று ஆயாவிடம் பொரிந்து தள்ளிவிட்டு, நேரே அந்தப் பெண்ணைத் தேடிப் போனேன். கண்மாய்க் கரையில் யாருடைய ஆடுகளையோ மேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பி கருவேல நிழலில் மண்ணைத் தின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டி, அவனையாவது கொண்டாந்து விட்டிருக்கலாம்ல?"

"ஆடு பாத்தாத்தான் கஞ்சி ஊத்துவாக டீச்சர். அதுலதான் அவனுக்கும் குடுக்கேன்."

அவள் பெயரை அடித்தபோது அவன் பெயரையும் சேர்த்தே அடித்திருக்கிறேன்.

மறுநாளே தல்லாகுளத்தில் ரவை அனுப்பும் அரசாங்க அலுவலகத்தில் போய் நின்றேன். "டெல்லி உத்தரவும்மா, நான் என்ன செய்ய முடியும்?" என்றார் அதிகாரி.

"உத்தரவ நீங்க மாத்த வேணாம் சார். பால்வாடியை ஒரு மணி நேரம் பிந்தித் திறக்க அனுமதி குடுங்க. பிள்ளைகள நாங்களே வீடு வீடாப் போய்த் தூக்கிட்டு வாரோம்."

அதற்கு எந்த விதியும் குறுக்கே நிற்கவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சோறு உண்டு. அக்காமாரை அங்கே அனுப்பச் சொல்லி ஒவ்வொரு தாயிடமும் பேசினேன். பேச்சில் என்னை யாரும் ஜெயித்ததில்லை.

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்ததும் அந்த ஒல்லிப் பெண்ணை நானே கூட்டிப் போனேன். தலைமை ஆசிரியர் சிரித்தபடி, "காதைத் தொடு தாயி" என்றார்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"மாட்டேன். தொட்டாச் சோறு கெடையாது."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "தப்பு எம்மேல சார். எங்கிட்ட ஏற்கெனவே தொட்டுக் காட்டிட்டா. நீங்க எழுதுங்க" என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவள் பள்ளிக்கூடம் போனாள்; அதுவரை ஆயா தூக்கி வந்த அவள் தம்பியை அன்று நான் தூக்கினேன். நல்ல கனம். பிடி நழுவி நழுவி இறங்கினான். இரண்டு தெரு தாண்டுவதற்குள் எனக்கு இடுப்பு விட்டுப்போயிற்று, ஒரு வீட்டுச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினேன். நான் வளர்ந்த பொம்பளை. அவள் அவனை ஒரு வருஷமாகத் தினமும் சுமந்து வந்து என்னிடம் சேர்த்திருக்கிறாள். அவளைத்தான் பெரிய பிள்ளை என்று சொல்லிப் பட்டினியாக அனுப்பினேன்.