மாப்பிள்ளைக்காகத் திருப்பிய ஸ்பீக்கர்

இன்று மலையிலிருந்து இறங்கி, அமிர்திப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பஸ்ஸில் புளி மூட்டை மேல் உட்கார்ந்து போனது தனிக் கதை.

மணப்பெண்ணின் தங்கை, அக்காவுக்காகவே பழகிய பாட்டைக் கிதாரில் வாசிக்க மேடையேறினாள். கம்பியைத் தொட்டதும் ஸ்பீக்கர் 'கூ'வென்று ஊளையிட்டது. ஜனம் சிரித்தது. கண் கலங்கிக் கிதாரைக் கீழே வைக்கப் போனாள்.

மைக் செட் போட்டிருந்த அக்கா ஓடி வந்தார். "ஸ்பீக்கர் பொட்டிய மேடப்பக்கம் திருப்புனது யாரு?"

"நான்தாம்மா. மாப்ள காதுல வுழ வேணாமா?" என்றார் பெண்ணின் மாமா.

"மரியாதைய பொட்டியிலயா காட்டுவாங்க? அதுல வர்ற சத்தம் கிதாரு ஓட்டைக்குள்ள பூந்து, மறுபடி பொட்டிக்கே போவுது. அதான் கத்துது!"

ஸ்பீக்கரை ஜனத்தின் பக்கம் திருப்பினார். பழைய சைக்கிள் டியூப் ரப்பரை வட்டமாக வெட்டி, கிதாரின் ஓட்டையை அடைத்தார்.

"ஓட்டைய அடைச்சா சத்தம் எப்டிம்மா வரும்?" என்றேன்.

"கம்பி அதிர்றத உள்ள இருக்கற மைக்கு புடிச்சிக்கும். கேளுங்க."

தங்கை வாசித்தாள். ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாகக் கேட்டது. எனக்குப் புல்லரித்துவிட்டது. பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து, கைகூடக் கழுவாமல் திரும்பி வந்தார்கள்.

ஸ்பீக்கர் எங்கள் பக்கம் திரும்பிவிட்டதால் மேடையில் சரியாகக் கேட்கவில்லை போல. மணப்பெண் மாப்பிள்ளையை இழுத்துக்கொண்டு, மாலையோடு கீழே வந்து எங்களோடு உட்கார்ந்துவிட்டாள்.

போட்டோவுக்கு வரிசையில் நின்றவர்கள் மேடையில் மணமக்களின் காலி நாற்காலிகளைப் பார்த்து முழித்தார்கள். அந்த வரிசையில் நீங்கள் நின்றிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?